மொட்டைக் கோபுரம் சொன்ன பாடம்

லால்குடிக்குச் சமீபத்தில் உள்ள நமது கிராமத்தில், வாய்க்கால் கரையை ஒட்டிய மனையில், ஓர் அஸ்திவாரம் இருக்கிறது. நமது தகப்பனார் போட்டது. ஒரு வைகாசி மாதத்தில் பூஜை செய்து, வானம் தோண்டி, கருங்கல் அடுக்கி, தரைக்கு மேல் இரண்டடி உயரம் கொண்டுவந்து நிறுத்தினார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் சுவர் எழுப்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஐப்பசி வரையில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷங்கள் சென்றுவிட்டன. எருக்கஞ் செடிகள் முளைத்தன. ஆடுகள் வந்து அவற்றின் நிழலில் படுத்தன. ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கல்வரிசையின் மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றார்கள். வீடு மட்டும் எழும்பவில்லை.

இவ்வருஷம் அதைக் கட்டி முடித்துவிடுவது என்று தீர்மானித்தோம். தீர்மானம் செய்தவுடனே யோசனை சொல்கிறவர்கள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். கண்டிராக்டர் ஒருவர் அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "இந்தப் பழைய கல்லோடு மல்லாட வேண்டாம், ஐயா! எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுத் தரைமட்டமாக்குங்கள். அப்போதுதான் இஷ்டப்படி பிளான் போடலாம்" என்றார். நமது மைத்துனர் அதைப் பலமாக ஆமோதித்தார். அம்மா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிரவு சாதம் பரிமாறும்போது, "அவர் ஒரு முழத்துக்கு ஒரு வாரம் யோசித்தாரடா!" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட்டோம். அங்கே கட்டடக் கலைஞராகத் தொழில் நடத்துகிறார் நமது பள்ளித் தோழர் ஒருவர். அவரிடம் காட்டுவதற்காகக் கண்டிராக்டர் கொடுத்த பிளானை எடுத்துக்கொண்டோம். அம்மா அந்தப் பையில் அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் கேளாமலே வைத்து அனுப்பியிருந்தாள்.

சிநேகிதர் பிளானைப் பிரிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மனையில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? மாலை வெயில் எங்கே விழுகிறது? பக்கத்து வீட்டுக்காரருடைய சுவர் எவ்வளவு உயரம்? அம்மா சாயங்காலத்தில் எங்கே உட்காருவார்கள்? பாதிக் கேள்விகளுக்கு நமக்கு விடை தெரியவில்லை. வக்கீலிடம் பத்திரத்தை மறந்துவிட்டு வந்த கட்சிக்காரனைப்போல் விழித்தோம்.

"பரவாயில்லை" என்று சிரித்தார் அவர். "படம் போடுவதுதான் எங்கள் தொழில் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். படம் கடைசியில் வருகிறது. முதலில் கேள்வி, பிறகு கிறுக்கல், அந்தக் கிறுக்கலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் கேள்வி. நாளைக்கு ஒருநாள் என்னோடு ஊர் சுற்றும். காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

மலையைக் குடைந்தவர்

விடியற்காலையில் மலைக்கோட்டை ஏறினோம். சுமார் 270 அடி உயரமுள்ள பாறை. உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரையில் 417 படிகள். நேயர்களில் பலர் பிள்ளைப் பிராயத்தில் இந்தப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, பாதி வழியில் கணக்கை விட்டுவிட்டிருப்பார்கள். நாமும் அப்படித்தான். ஆனால் இம்முறை சிநேகிதர் நம்மைப் பாதி வழியில் நிறுத்தியது பல்லவர் குகைக் கோயிலைக் காட்டுவதற்காக.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவபெருமான் பாறைச் சுவரிலேயே புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். எதிரே வரிசையாகத் தூண்கள்.

"இந்தக் கோயிலை எங்கேயிருந்து ஆரம்பித்திருப்பார்கள், சொல்லும் பார்க்கலாம்!" என்றார் சிநேகிதர்.

"தரையிலிருந்துதான்" என்றோம்.

"அதுதான் இல்லை. குடைகிற வேலை மேலேயிருந்து கீழே வர வேண்டும். வெளியேயிருந்து உள்ளே போக வேண்டும். உத்தரம் முதலில் பிறக்கிறது, தூண் பிறகு பிறக்கிறது, தரை கடைசியில் பிறக்கிறது. வீடு கட்டுவதற்கு நேர் எதிர்! அதிலும், தூண் என்று இவர்கள் எதையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தூண் இருக்க வேண்டிய இடத்தில் பாறையை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்."

அந்தத் தூண்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தோம். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடியும் சதுரம். முதலில் பாறையில் சதுரமான கட்டையாகத் தூணை விட்டுவைத்து, நடுப்பாகத்தில் மாத்திரம் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப்பட்டை தானாகவே வந்துவிடும். அடியும் தலையும் பழைய சதுரமாகவே நின்றுவிடும். செய்த முறையே உருவத்தில் தங்கிவிட்டது. அழகுக்காகத் தனியே ஒன்றைத் தேடிப் போகாமல், வேலையின் வழியிலேயே அழகைக் கண்டெடுத்த மனிதர்கள் அவர்கள்!

செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் ஆலயம் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையுடன் பொறித்துவைத்தவன் இதே மகேந்திரன்தான். அந்தப் பெருமைக்குப் பின்னால் எத்தனை பயம் இருந்திருக்க வேண்டும் என்பது திருச்சி மலையில் நிற்கும்போது தெரிகிறது. செங்கற் சுவரில் பிழை நேர்ந்தால் இடித்துக் கட்டலாம். குடைந்த பாறையில் ஓர் உளி அதிகமாகப் பாய்ந்தால் மீட்சி இல்லை. ஆகையால் முதல் அடி விழுவதற்கு முன்பே கடைசி அடி வரையில் யோசித்தாக வேண்டும். மாமல்லபுரத்தில் முடியாமல் நின்றுபோன குகைகளில், பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து உளியால் கோடு போட்டிருப்பதை இன்றும் காணலாம். அந்தக் கட்டங்கள்தான் அவர்களுடைய வரைபடம். படமும் பாறையும் வேறு வேறல்ல.

உள்ளிருந்து வெளியே

உச்சியில் காற்று நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல வீசியது. கீழே தெப்பக்குளம்; அதற்கப்பால் வீட்டுக் கூரைகள்; வடக்கே காவேரி. காவேரிக்கு அக்கரையில் தென்னந் தோப்புகளின் நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து நின்றன. முன்னால் நிற்பது மிகப் பெரிது. உள்ளே போகப் போகக் கோபுரம் சிறுத்துக்கொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே, பொன் வேய்ந்த சிறிய விமானம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், இந்தியக் கட்டடக் கலையைப்பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஜேம்ஸ் பெர்குஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்த அமைப்புப் பிடிக்கவில்லை. 1876-இல் வெளியான அந்தப் புத்தகத்தில், ஸ்ரீரங்கத்தின் அமைப்பைத் தலைகீழாக மாற்ற முடியுமானால் அது தென்னிந்தியாவின் மிகச் சிறந்த கோயில்களில் ஒன்றாகும் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். பெரியது நடுவிலும் சிறியது ஓரத்திலும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

"பெர்குஸன் கண்ணுள்ளவர்தான்" என்றார் நமது சிநேகிதர். "அவர் பார்த்தது பொய்யல்ல. ஆனால் ஒரே மனிதன் ஒரே நாளில் உட்கார்ந்து போட்ட படம் என்று எண்ணிக்கொண்டு பார்த்தார். வாரும், உள்ளே போய்ப் பார்ப்போம்."

பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தை அடைந்தோம். காவேரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் தீவு, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள், 21 கோபுரங்கள், சுமார் 156 ஏக்கர் நிலப்பரப்பு. வெளிச் சுற்றுக்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. கோயிலுக்குள் ஊர் இருக்கிறதா, ஊருக்குள் கோயில் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது கடினம்.

கருவறையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரை அசைப்பதற்கில்லை. மூலஸ்தானத்தை இடித்துப் பெரிதாக்க எந்த அரசனும் துணிய மாட்டான். ஆயினும் பக்தி பெருகுகிறது, கூட்டம் பெருகுகிறது, ஒவ்வொரு காலத்து அரசனுக்கும் தன் காணிக்கையைச் செலுத்த ஆசை. என்ன செய்வது? வெளியே ஒரு சுற்று. அதற்கு ஒரு வாசல். வாசலுக்கு ஒரு கோபுரம். அடுத்த தலைமுறை வந்தது; இன்னொரு சுற்று. சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார், நாயக்கர் என்று கைகள் மாறிக்கொண்டே வந்தன. மரத்தின் அடியை வெட்டிப் பார்த்தால் உள் வளையம் சிறிதாகவும் வெளி வளையம் பெரிதாகவும்தானே இருக்கும்? மரத்தைப் பார்த்துத் தலைகீழாக வளர்ந்துவிட்டது என்று யாரும் குறை கூறுவதில்லை.

உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளையும் சிநேகிதர் காட்டினார். தெருவைப் பார்த்த முகப்புக் குறுகல். உள்ளே ரெயில் வண்டியைப்போல் நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒரே நேர்க்கோடு. இரு பக்கத்துச் சுவர்களும் அண்டை வீட்டாருக்குப் பொது. ஆகையால் பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. பகவான் கொடுத்த வெளிச்சம் தலைக்கு மேலிருந்துதான் வர வேண்டும். எனவே முற்றம் வந்தது. இந்த வீட்டின் அழகையெல்லாம் அதன் இடுக்கண்தான் கொடுத்தது.

"இஷ்டப்படி பிளான் போடலாம் என்று உமது கண்டிராக்டர் சொன்னாரே, அதுதான் எங்களுக்கு மிகவும் பயமான வார்த்தை" என்றார் சிநேகிதர். "வெறும் மனையும், கை நிறையப் பணமும், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத உத்தரவும் கொடுத்தால் எங்கள் பென்சில் நின்றுவிடும். மனையில் ஒரு கிணறோ வேப்பமரமோ இருந்தால்தான் அதைச் சுற்றி யோசிக்க முடியும்."

நான்கு நூற்றாண்டு காத்திருந்த அடிவாரம்

பிற்பகலில் தெற்கு ராஜகோபுரத்தின் எதிரே வந்து நின்றோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 13 நிலைகள், சுமார் 236 அடி உயரம், உச்சியில் 13 கலசங்கள். இன்றைய பிள்ளைகள் இது ஆதிகாலம் முதல் இப்படியே நின்றதாக எண்ணுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு ஞாபகம் உண்டு. அவர்கள் பார்த்தது சுமார் 55 அடி உயரத்தில் கருங்கல்லோடு நின்றுவிட்ட ராயகோபுரம். மொட்டைக் கோபுரம் என்று ஊரார் அழைத்தது அதைத்தான். விஜயநகர ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பெற்று, பிறகு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அது அப்படியே நின்றது. அதனடியில் வண்டிகள் போயின, உற்சவங்கள் போயின, சாம்ராஜ்யங்களும் போயின.

1979-ஆம் ஆண்டில், அஹோபில மடத்தின் 44-ஆவது பட்டத்து ஜீயரின் முயற்சியால் வேலை மறுபடியும் தொடங்கியது. தனவந்தர்களும் பொது ஜனங்களும் பொருள் உதவினார்கள். எட்டு ஆண்டுகளில் கோபுரம் முடிந்து, 1987 மார்ச்சு 25-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது.

இந்த இடத்தில் சிநேகிதருக்குத் தெரிந்த வயோதிக ஸ்தபதி ஒருவர் நம்மோடு சேர்ந்துகொண்டார். ஊர் ஊராகத் திருப்பணி செய்து ஓய்ந்தவர். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திண்ணை ஒன்றில் அமர்ந்தார்.

"ஐயா, வேறொருவர் ஆரம்பித்ததை முடிப்பது எப்படி?" என்று கேட்டோம்.

"அவரையே கேட்க வேண்டும்" என்றார்.

"அவர்தான் போய்விட்டாரே?"

"கல்லை வைத்துவிட்டுத்தானே போயிருக்கிறார்!"

அவர் விளக்கிய முறை இதுதான். கோபுரத்தின் அடிநிலை எத்தனை அகலம், எத்தனை நீளம், வாசல் எத்தனை உயரம், சுவர் எத்தனை கனம் என்பவற்றை அளந்துகொண்டால், அதன் மேல் எத்தனை நிலை எழும்பலாம் என்பதைச் சிற்ப சாஸ்திரத்தின் விகிதங்கள் சொல்லிவிடும். நிலைகள் ஒற்றைப்படையாக வர வேண்டும். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழே உள்ளதைக் காட்டிலும் குறுகியும் குட்டையாகவும் அமைய வேண்டும். உச்சியில் வண்டிக் கூண்டைப்போல் நீண்டு வளைந்த சிகரம்; அதன் மேல் கலச வரிசை. ஒரு கொடியின் அடித்தண்டைப் பார்த்தே அது எவ்வளவு தூரம் படரும் என்று தோட்டக்காரன் சொல்வதில்லையா, அதுபோல!

"விகிதம் சரி. பாரம்?" என்று சிநேகிதர் குறுக்கிட்டார்.

"அதைத்தான் தம்பி, முதலில் கேட்க வேண்டும்" என்றார் ஸ்தபதி. "கீழே இருப்பவர் எவ்வளவு தாங்குவார் என்று கேட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். அதனால்தான் அடியில் கருங்கல்லும் மேலே செங்கல்லுமாக வைத்தார்கள் பெரியவர்கள். கருங்கல்லிலேயே உச்சி வரைக்கும் போனால் கோபுரம் பூமிக்குள் போய்விடும். மேலே பார்த்தால் மலைபோல் இருக்கும். உள்ளே ஒவ்வொரு நிலையும் காலிக் கூடம்தான். நிலைக்கு நிலை வாசல் விட்டிருப்பது வெளிச்சத்துக்கும் ஆயிற்று, காற்றுக்கும் ஆயிற்று, பாரம் குறைவதற்கும் ஆயிற்று."

பழைய காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் செய்த வேலையை இங்கே செங்கல்லும் சிமெண்டும் இரும்புக் கம்பியும் செய்திருக்கின்றன. உருவம் பழையது, உடம்பில் ஓடும் ரத்தம் புதியது.

இதே சங்கடம் ஐரோப்பாவிலும் நேர்ந்தது உண்டு. ஜெர்மனி தேசத்தில் கொலோன் நகரத்து மாதா கோயிலை 1248-இல் தொடங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றது. பாதியில் நின்ற கோபுரத்தின் உச்சியில், கல் தூக்கும் மரத்தாலான யந்திரம் நூற்றாண்டுக் கணக்காக அப்படியே நின்று, அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முகப்பின் பழைய வரைபடம் இரண்டு துண்டுகளாகப் போயிருந்தது. ஒரு துண்டு 1814-இலும் மற்றொன்று 1816-இலும் கிடைத்தன. அந்தப் படத்தைப் பின்பற்றி 1842-இல் மறுபடியும் தொடங்கி 1880-இல் முடித்தார்கள். அவர்களும் கூரையின் உள்ளே இரும்புச் சட்டங்களைத்தான் வைத்தார்கள்.

அங்கே ஒரு தோல் சுருள் வழி காட்டியது. நம் நாட்டுச் சிற்ப மரபிலோ, படம் தொலைந்துபோனாலும் பாதகமில்லை, அடிநிலையே படம். அதைப் படிக்கத் தெரிந்த ஸ்தபதிகள் பரம்பரையாக இருந்து வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்தப் படிப்பு அற்றுப்போகாமல் இருப்பதற்காக மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரியைப்பற்றி இத்தருணத்தில் நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

முப்பதா, இருபத்தொன்பதா?

பேச்சு வாக்கில் நமது அஸ்திவாரத்தின் கதையும் வெளியாயிற்று. பையிலிருந்த கணக்கு நோட்டை எடுத்து ஸ்தபதியிடம் கொடுத்தோம். செங்கல், மணல், கொத்தனார் கூலி என்று பக்கம் பக்கமாக அப்பாவின் பொடி எழுத்து. ஒரு பக்கத்தில், 'நீளம் 30 முழம்' என்று எழுதி அடித்திருந்தார். அதன் கீழே '31' என்று எழுதி அதையும் அடித்திருந்தார். அதன் கீழே '29' என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார். மனையோ தாராளமானது. ஒரு முழத்தை ஏன் குறைத்தார் என்பது வீட்டில் ஒருவருக்கும் விளங்காத மர்மம். சிக்கனம் என்றே நாம் எண்ணியிருந்தோம்.

ஸ்தபதி மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆயாதி போட்டிருக்கிறார்!" என்றார்.

நேயர்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்கிறோம். பல முறைகள் உண்டு. அவற்றில் ஒரு வழி இது. நீளத்தை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதி, யோனி. மீதி ஒற்றைப்படையாக வந்தால் கொடி, சிங்கம், காளை, யானை என்ற நல்ல யோனிகள், இரட்டைப்படை ஆகாது. நீளத்தை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்த மீதி, ஆயம், அதாவது வரவு. ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்த மீதி, வியயம், அதாவது செலவு. செலவைவிட வரவு அதிகமாக இருக்க வேண்டும். (இந்த விதி நமது குடும்பங்களுக்கும் பொருந்தும்!)

30 முழத்துக்கு: மூன்றால் பெருக்க 90, எட்டால் வகுக்க மீதி 2. அது புகை யோனி, தள்ளு. 31 முழத்துக்கு: 93-இல் மீதி 5, காளை, நல்லதுதான். ஆனால் வரவு 248-இல் மீதி 8. செலவு 279-இல் மீதி 9. வரவை மிஞ்சிய செலவு, தள்ளு. 29 முழத்துக்கு: 87-இல் மீதி 7, யானை. வரவு 232-இல் மீதி 4. செலவு 261-இல் மீதி 1. ஆயிற்று!

"அவர் ஒரு முழத்துக்கு ஒரு வாரம் யோசித்தாரடா!" என்று அம்மா சொன்ன வார்த்தை அப்போதுதான் நம் காதில் முழுவதும் விழுந்தது. அந்த ஒரு முழம் இதுதான். சற்று நேரம் நாம் ஒன்றும் பேசவில்லை. ஸ்தபதியும் நோட்டை மூடாமல், அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி ஏழாக வருவதால் வீட்டுக்கு யானை பலம் வருமா என்று நாம் வாதிக்கப் புகவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இந்தக் கணக்கைப் போடுகிறவன் எந்த அளவையும் அலட்சியமாக வைத்துவிட முடியாது. எழுதி, அடித்து, மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. திரும்பி வரும் வழியில் சிநேகிதர், "எங்களுக்கும் ஆயாதி உண்டு. தெருவிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்கிற சட்டம், பாங்கிக் கடன், கம்பி விலை, வீட்டு அம்மாளின் அடுக்களை. ஒன்று சரிப்பட்டால் ஒன்று இடிக்கும். எல்லாம் சரிப்படும் வரையில் அடித்து அடித்து எழுதுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றார்.

லால்குடிக்குத் திரும்பியது

மறுநாள் சிநேகிதர் நம்மோடு கிராமத்துக்கு வந்தார். அப்பாவின் அஸ்திவாரத்தை வணங்கிவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ இரண்டு ஆட்களை அழைத்து, அதன் ஓரத்தில் மூன்று இடங்களில் குழி தோண்டச் சொன்னார். கல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அடியில் எத்தகைய மண், ஈரம் எங்கே ஏறுகிறது என்று குழியில் இறங்கியே பார்த்தார். நூல் பிடித்தார், மட்டம் பார்த்தார்.

மேற்கும் தெற்கும் உறுதியாக இருந்தன. வாய்க்காலை ஒட்டிய வடகிழக்கு மூலை மாத்திரம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. நமக்கு மனசு சோர்ந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றோம்.

"முப்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று, எது தாங்கும், எது தாங்காது என்று அதுவே சொல்லிவிட்டது. இதைக் காட்டிலும் என்ன வேண்டும்?" என்றார் சிநேகிதர். அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தார். கனமான சுவர்களும் மாடியும் மேற்கே போயின. இறங்கிய மூலையின் மேல் பாரமே இல்லை. அது திறந்த முற்றம் ஆயிற்று. நீளம் 29 முழமாகவே நின்றது. கண்டிராக்டரின் பிளான் பையிலேயே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

அம்மா கல்வரிசையின் மேல் மெள்ள நடந்து வந்தாள். தெற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றாள். "இங்கேதான் திண்ணை என்று சொன்னார். சாயங்காலம் இங்கே உட்கார்ந்தால் வாய்க்கால் பாலத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியுமாம்" என்றாள்.

சிநேகிதர் நிமிர்ந்து பார்த்தார். வாய்க்கால் பாலம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர் படத்தில் திண்ணை கிழக்குப் பக்கம் இருந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரப்பரை எடுத்து, அதை அழித்துவிட்டுத் தெற்கே போட்டார்.

இப்போது சுவர் ஏழடி எழும்பியிருக்கிறது. திண்ணையைத்தான் முதலில் கட்டச் சொன்னோம். பூச்சு வேலைகூட இன்னும் ஆகவில்லை. ஆயினும் சாயங்கால வேளைகளில் அம்மா அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.